ஜன்னலுக்கு வெளியே ஒரு ஜனாஸா அறிவித்தல்

உக்குவளை,
2024 ஆகஸ்ட் 12

ஷிரானி மிஸ்ஸுக்கு,

அன்புள்ள என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. மன்னிக்கவும் என்றும் எழுத மாட்டேன்.

இந்த வியாழக்கிழமை கவுன்சிலிங்குக்கு உங்கள் அறைக்கு வர மாட்டேன். அடுத்த வியாழனும் வர மாட்டேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கொஞ்ச நாளைக்குப் போனையே தொட வேண்டாம் என்று சொன்னது நீங்கள். அதனால் இதை எழுதி, உங்கள் அறைக்குக் கீழே உள்ள பார்மசியில் கொடுத்துவிட்டுப் போகிறேன். எழுதுவதில் இன்னொரு வசதியும் உண்டு. நான் சொன்னது ஒன்று, நீங்கள் விளங்கிக்கொண்டது வேறொன்று என்று இதில் ஆகாது.

கம்பனிக்கு நீங்கள் அனுப்பிய அறிக்கையின் பிரதி எனக்கும் வந்தது. எனக்குக் காட்டுவார்கள் என்று நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள். தந்தையின் திடீர் மரணத்தால் வந்த துயரம், இல்லாத குரலைக் கேட்டதாக நம்புகிறார், இப்போதைக்கு வேலைக்குத் திரும்பும் நிலையில் இல்லை. மூன்று வியாழக்கிழமை உங்கள் முன்னால் உட்கார்ந்து அழுததற்கு மூன்று வரி. பரவாயில்லை. அழாமல் இன்னொரு தடவை சொல்கிறேன், கேளுங்கள்.

என் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஆட்கள் முறைப்பாடு செய்யும் வீடியோக்கள் கண்டியில் உள்ள எங்கள் கந்தோருக்கு வரிசையாக வரும். தமிழில் உள்ளது என் மேசைக்கு. விடலாமா, எடுக்க வேண்டுமா என்று சில விநாடிகளில் முடிவு செய்து பட்டனை அமத்திவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். நாலு வருசமாக இதைத்தான் செய்கிறேன். உம்மாவுக்கு இது கம்ப்யூட்டர் வேலை. ஏசி அறையில் இருந்து செய்வது என்பதால் ஊரிலும் நல்ல பேர்.

ஜூலை மாதம் அந்த வீடியோ வந்தது. எட்டு வயது இருக்கும் ஒரு பெண்பிள்ளை, சுவரைப் பார்த்து முட்டுக்காலில் நிற்கிறாள். ஒரு ஆள் வயரால் அடிக்கிறான். அவன் முகம் இல்லை. கையும் இடுப்பில் கட்டிய சாரத்தின் ஓரமும்தான் தெரிகிறது. "உம்மாக்கிட்ட சொல்லு, இப்பவே வரச் சொல்லு" என்கிறான். வெளிநாட்டில் இருக்கும் தாய்க்கு அனுப்புவதற்காக எடுத்தது என்று விளங்கியது. யாரோ அதை வெளியே போட்டுவிட்டார்கள். பிள்ளையின் தலைக்கு மேலே ஒரு ஜன்னல் திறந்திருந்தது. அதற்கு வெளியே எங்கேயோ ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் கேட்டது.

அப்படியென்றால் என்ன என்று முதல் நாளே கேட்டீர்கள். நீங்கள் மாதா கோயிலில் மணி அடிக்கிற ஆட்கள், உங்களுக்குத் தெரியாதது குற்றமில்லை. எங்களில் யாராவது மௌத்தானால் பள்ளிவாசல் மைக்கில் சொல்வார்கள். இன்னார் வபாத்தானார்கள், இன்னாரின் வாப்பா, நல்லடக்கம் எத்தனை மணிக்கு என்று. வீடியோவில் அந்தக் குரல் சொன்னது: "உக்குவளையைச் சேர்ந்த முத்தலிப் ஹாஜியார் வபாத்தானார்கள்."

முத்தலிப் என் வாப்பா. சொன்னது எங்கள் பள்ளியில் பாங்கு சொல்லும் ஸக்கரியா லெப்பை. வாப்பா மௌத்தான அன்று, எங்கள் பள்ளி மைக் கேட்கும் தூரத்தில் ஒரு வீட்டில் அந்தப் பிள்ளைக்கு அடித்திருக்கிறான். அந்த நேரம் நானும் உம்மாவும் மாத்தளை ஆஸ்பத்திரியில் மய்யித்தை வாங்கக் காத்துக்கொண்டிருந்தோம். அந்த அறிவித்தலை நான் என் காதால் கேட்டதே அந்த வீடியோவில்தான்.

டீம் லீடர் அன்ஸாபிடம் சொன்னேன். மேலே அனுப்பியாச்சு, நீ அடுத்ததைப் பார் என்றார். திரும்ப ஒருக்கா காட்டுங்கள் என்றேன், முடியாது என்றார். எழும்ப மாட்டேன் என்று கதிரையிலேயே இருந்தேன். பிறகு கத்தினேன். அதற்குத்தான் உங்களிடம் அனுப்பினார்கள். சுகம் என்று நீங்கள் எழுதித் தந்தால்தான் திரும்பவும் உள்ளே விடுவார்கள்.

மூன்றாவது நாள் நீங்கள், உங்கள் வாப்பா ஹஜ்ஜுக்குப் போனவரா என்று கேட்டீர்கள். இல்லை, ரெண்டு தடவை காசு சேர்த்தார், ஒன்று மூத்தவள் ராத்தாவின் கல்யாணத்துக்குப் போனது, மற்றது கூரைக்குப் போனது என்றேன். அப்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன், மிஸ். கணக்கு சரிவந்த ஆளின் முகம் அது. அந்த முகத்தை இனிப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

நிஷ்மியா


மாத்தளை,
2024 ஆகஸ்ட் 17

அன்புள்ள நிஷ்மியா,

கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது என்று எழுதினால் இன்னும் கோபம் வரும். அதனால் எழுதவில்லை.

அறிக்கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சம்பளம் கொடுப்பது உங்கள் கம்பனி. நீங்கள் வேலைக்குத் திரும்பலாமா கூடாதா என்று மட்டும்தான் அவர்கள் கேட்டார்கள். காரணம் இல்லாமல் வெறுமனே கூடாது என்று எழுதினால் உங்களை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தேன். துயரம் என்று எழுதினால் விடுமுறையாவது கிடைக்கும். உங்களைக் காப்பாற்றத்தான் அதை எழுதினேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

என் முகத்தைப் பற்றிச் சொன்னது சரி. கணக்கு சரிவந்தது என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் அதை மறைக்க மாட்டேன். ஹஜ்ஜுக்குப் போக ஆசைப்பட்டு முடியாமல் போன ஒருவரை ஒரு குரல் ஹாஜியார் என்கிறது. அந்த நாளில் அப்படிச் சொல்லியிருக்கக்கூடியவர் யாருமில்லை, உங்கள் வாப்பாவை நன்றாகத் தெரிந்தவர்கள்தான் அங்கே எல்லோரும். அப்படியானால் அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுத்தது யார்? அவர் மேல் உயிரையே வைத்திருந்த மகளின் மனம். வாப்பாவை அடக்கி மூன்று வாரத்திலேயே கந்தோருக்குப் போய், பகல் முழுக்க அடியையும் இரத்தத்தையும் பார்த்த மனம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனம் அப்படித்தான் செய்யும். நான் நிறையப் பேரிடம் கண்டிருக்கிறேன்.

அந்தப் பிள்ளை பொய் என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. வீடியோ உண்மை. பிள்ளையும் உண்மை. இந்தியாவிலோ மலேசியாவிலோ, எங்கேயோ. உங்கள் ஊரில் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று. நீங்கள் பின்னேரங்களில் ஊருக்குள்ளே நடந்து, வீட்டு வீடாக ஜன்னல்களைப் பார்க்கிறீர்கள் என்று உங்கள் மாமா பஸீர் வந்து சொன்னார். நல்ல மனிதர். நாலு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். சுகமாவதற்காகச் சொல்லவில்லை. ஊர் வாய்க்குள் விழுந்தால் எழும்புவது கஷ்டம், அதற்காகச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை உங்கள் நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

ஷிரானி செபஸ்தியன்


உக்குவளை,
2024 ஆகஸ்ட் 25

ஷிரானி மிஸ்,

மாமா உங்களிடம் வந்தது எனக்குத் தெரியாது. என்னோடு பேசியதை நீங்கள் அவரிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அதற்கு நன்றி. இந்தக் கடிதத்தில் உங்களுக்குக் கிடைக்கப்போகிற ஒரே நன்றி அதுதான்.

வீட்டு நிலைமையைச் சொல்கிறேன். உம்மா இத்தாவில் இருக்கிறார். கணவன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அந்நிய ஆண்களைக் காணாமல் இருக்க வேண்டும். அதனால் கடைக்குப் போவது, கரண்ட் பில் கட்டுவது, வருகிற ஆட்களிடம் பேசுவது எல்லாம் மாமாதான். வாப்பா இருந்த இடத்தில் இப்போது அவர். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் என்னைப் பார்க்கும்போதெல்லாம் உடைந்த பாத்திரத்தைப் பார்ப்பது மாதிரிப் பார்க்கிறார். போன வெள்ளிக்கிழமை ஸக்கரியா லெப்பையையே கூட்டி வந்து எனக்குத் தண்ணீர் ஓதிக் கொடுக்க வைத்தார். குடித்தேன். தாகமாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு வியாழனும் முடிவில் கேட்பீர்களே, மனசில் உள்ளது இப்போது உடம்பில் எங்கே தெரிகிறது என்று. காலில் தெரிகிறது. நடந்து நடந்து குதிகால் வெடித்துவிட்டது. வீடியோவில் கண்ட அந்த ஜன்னலுக்குப் பூ மாதிரி வளைத்த கம்பி. பச்சைப் பெயின்ட். அப்படிக் கம்பி வைத்த வீடு பள்ளி மைக் கேட்கிற தூரத்தில் மூன்று இருக்கிறது. மூன்றிலும் கதவைத் தட்டத் துணிவில்லை. தட்டி என்ன கேட்பது? உங்கள் வீட்டில் பிள்ளைக்கு அடிக்கிறீர்களா என்றா? பைத்தியம் என்று ஏற்கெனவே பேர் வாங்கியாகிவிட்டது. இனி நான் என்ன சொன்னாலும் அந்தப் பேர்தான் எனக்கு முன்னால் போய் நிற்கும். அந்தப் பேரை எழுத்தில் தந்தது நீங்கள்.

அதனால் ஒரே ஒரு உதவி கேட்கிறேன். ஒரு நாள் பஸ் ஏறி இங்கே வாருங்கள். பள்ளிக்குப் போய் ஸக்கரியா லெப்பையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஜூன் பத்தாம் திகதி முத்தலிப் மௌத்தை அறிவித்தபோது ஹாஜியார் என்று சொன்னீர்களா?

நானே கேட்கலாமே என்பீர்கள். நான் கேட்டால், எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று எதையாவது சொல்லிவிடுவார். ஓதிக் கொடுத்த மனிதர் அல்லவா. நீங்கள் அந்நியம். உங்களிடம் உள்ளதைச் சொல்வார். அவர் இல்லை என்றால் உங்கள் அறிக்கை சரி. நான் வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்து, நீங்கள் சொல்கிற மாத்திரையைக் குடிக்கிறேன். அவர் ஆம் என்றால், வீட்டில் யாருமே எனக்குச் சொல்லாத ஒன்றை நான் எங்கே கேட்டேன் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

காரணத்தை மட்டும் அவரிடம் சொல்ல வேண்டாம். கேளுங்கள், வாருங்கள்.

அந்தப் பிள்ளை இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள், மிஸ். நான் கடைக்குப் போகிற பாதையில்.

நிஷ்மியா


மாத்தளை,
2024 செப்டெம்பர் 3

அன்புள்ள நிஷ்மியா,

இன்றைக்குப் போனேன். இத்தனை நாள் போகாமல் இருந்ததற்குக் காரணம் தேடினால் நிறையக் கிடைக்கும். உண்மையான காரணம் பயம். நான் எழுதிய மூன்று வரி பிழையாக இருந்துவிடுமோ என்ற பயம்.

ளுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் போன பிறகு அவர் வெளி மண்டபத்தில் தனியாக இருந்தார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். நீங்கள் சொன்னபடியே கேட்டேன். முதலில் சிரித்தார். பிறகு கூச்சப்பட்டுக் கீழே பார்த்தார்.

"யார் சொன்னது மிஸ் உங்களுக்கு? அது ஹஜ்ஜு மாசம். போறவங்களுக்கு துஆ கேட்டுக் கேட்டு ஒவ்வொரு நாளும் மைக்குல ஹாஜியார், ஹாஜியார்னுதான் வாய் போகும். அந்தப் பழக்கத்துல முத்தலிப் நானாவுக்கும் சொல்லிட்டேன். பஸீர் நானாக்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். வீட்டுல சொல்ல வேணாம், தங்கச்சி மனசு நோகும்னாரு."

நிஷ்மியா, மகளின் மனம், கிடைக்காத பட்டம் என்று நான் கோத்து வைத்ததெல்லாம் ஒரு மனிதரின் வாய் தடுமாறியதுதான். நீங்கள் கேட்டதைத்தான் கேட்டீர்கள். அந்தப் பிள்ளை உக்குவளையில்தான் இருக்கிறாள். உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நான் படித்த படிப்பில் இதற்கு வேறு வார்த்தை இல்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் திரும்பக் கேட்டார். சொல்ல வேண்டாம் என்று நீங்கள் எழுதியிருந்தது நினைவில் இருந்தது. இருந்தும் சொன்னேன். வயதான, மார்க்கம் தெரிந்த மனிதர். ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்றால் எந்த வீடு என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. உடனே எழும்பிப் போனார்.

வந்த உடனே என் அறிக்கை பிழை என்று கம்பனிக்கு எழுதி, வீடியோவின் பிரதியையும் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் தருவதாகச் சொன்னார்கள். கையில் ஏதாவது ஆதாரத்தோடு பொலிஸுக்குப் போனால்தான் எடுபடும். பதில் வந்த உடனே நானே போகிறேன். உங்கள் பெயர் வராது.

இனி ஜன்னல் தேட வேண்டாம். அதை என்னிடம் விட்டுவிடுங்கள்.

ஷிரானி


உக்குவளை,
2024 செப்டெம்பர் 6

ஷிரானி மிஸ்,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. புதன்கிழமை காலையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

நீங்கள் பஸ் ஏறிய கையோடு லெப்பை மாமாவிடம் போயிருக்கிறார். எந்த வீடு என்று மாமாவுக்குக் கேட்டவுடனே விளங்கிவிட்டது. ஷிஃபான் என்று ஒரு ஆள். நோன்பு காலத்தில் வெளியூரில் இருந்து வந்து அரிசி ஸ்டோருக்குப் பின்னால் உள்ள வீட்டில் வாடகைக்கு இருந்தவன். பெண்சாதி குவைத்தில். ஒரே மகள். நான் பார்த்து வைத்திருந்த மூன்றில் அது ரெண்டாவது வீடு.

மாமாவும் இன்னும் ரெண்டு பேரும் அன்று இரவு இஷா தொழுதுவிட்டுப் போயிருக்கிறார்கள். பொலிஸுக்கு இல்லை. அவனிடம். உட்கார வைத்துப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். அவன் அழுதானாம். பெண்சாதி வர மாட்டேன் என்கிறாள், அந்த ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்றானாம். பிள்ளையின் தலையில் கை வைத்து, இனி அடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தானாம். மாமா அந்த வீடியோவைப் பற்றியும் அவனிடம் சொல்லிவிட்டார். கண்டியில் ஆட்கள் பார்த்துவிட்டார்கள், கவனம் என்று. அவனுக்கு நல்லது செய்கிற நினைப்பில் சொன்னது.

பிறகு தேத்தண்ணி வந்ததாம். கொண்டுவந்தது அந்தப் பிள்ளை. மாமா பெயர் கேட்டாராம். ஸஹ்னா என்றாளாம். நல்ல பிள்ளை, சீனி போதுமா என்று கேட்டாள் என்று மாமா எங்களிடம் சொன்னார். மூன்று பேரும் குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

விடிய மாமா சுபஹுத் தொழுகைக்குப் போகும்போது பார்த்தால் வீடு பூட்டுப் போட்டிருந்தது.

மாமாவிடம் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் கத்தவில்லை. "பொலிஸுக்குப் போனா டீவிக்காரன் வருவான், ஊர் பேர் நாறும். அந்தப் பிள்ளை நாளைக்கு எப்படித் தலை நிமிர்ந்து நடக்கும்? பேசித் தீர்க்கலாம்னு நெனச்சேன் மகள்" என்றார். என்றுவிட்டு, உம்மா இருக்கிற அறையின் கதவுக்கு வெளியே நிலத்தில் உட்கார்ந்து அழுதார். எனக்கு அவரைத் தேற்ற மனம் வரவில்லை. உம்மாதான் உள்ளே இருந்து ஏதோ சொல்லித் தேற்றினார்.

வீட்டுக்காரனிடம் திறப்பை வாங்கி உள்ளே போனேன். பச்சைக் கம்பி. அதே சுவர். அதில் சின்ன நெற்றி பட்ட இடத்தில் எண்ணெய்க் கறை.

என்னை நம்பாமல் இருந்தீர்கள், அப்போது அவள் இங்கே இருந்தாள். நம்பினீர்கள், போய்விட்டாள். காரணம் சொல்ல வேண்டாம் என்று எழுதினேனே மிஸ். தெளிவாகத்தானே எழுதினேன்.

நிஷ்மியா


மாத்தளை,
2024 செப்டெம்பர் 30

நிஷ்மியா,

இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதங்களைக் கிழித்துப் போட்டேன். இரண்டிலும் என்னைப் பற்றித்தான் அதிகம் இருந்தது. இதில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே பொலிஸில் முறைப்பாடு கொடுத்தேன். பெண்கள், சிறுவர் பிரிவில் இருந்த பெண் அதிகாரி நல்லவர். சிங்களத்தில் முழுவதையும் பொறுமையாகக் கேட்டு எழுதினார். வந்து வீட்டைப் பார்த்தார்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். அடிச் சத்தம் கேட்டதாக ஒருவரும் சொல்லவில்லை. வீட்டை வாடகைக்கு எடுத்தபோது அவன் கொடுத்த அடையாள அட்டைப் பிரதி வேறு யாருடையதோ. சீகிரியா பக்கம் ஹோட்டல் வேலைக்குப் போனான் என்று ஒருவர் சொன்னார். அங்கேயும் தேடினார்கள், அப்படி ஒரு ஆள் இல்லை. தாயைத் தேடப் பெயர்கூட, பாடசாலைப் பதிவிலும், சரியாக இல்லை.

வீடியோவைக் கொண்டுவாருங்கள் என்கிறார் அந்த அதிகாரி. முகம் பார்க்க முடியாவிட்டாலும் வழக்குக்கு அது வேண்டுமாம். கம்பனி பதில் தந்துவிட்டது. நீக்கிய வீடியோ அவர்களிடம் இல்லை, வெளிநாட்டில் இருக்கிறது, நீதிமன்றக் கட்டளை வேண்டும். கட்டளை கேட்க அந்த வீடியோவின் இலக்கமாவது வேண்டும். இலக்கத்தைத் தருவதற்கும் கட்டளை வேண்டும் என்கிறார்கள். இதைச் சொன்ன பெண்ணின் குரல் மிகவும் மரியாதையாக இருந்தது.

ஸஹ்னா படித்த பாடசாலைக்கும் போனேன். வகுப்பு டீச்சர், அமைதியான பிள்ளை, ஒரு தொந்தரவும் இல்லை என்றார். நானும் இத்தனை வருசமாகப் பிள்ளைகளைப் பற்றி டீச்சர்மாருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். அமைதியான பிள்ளையைக் கவனியுங்கள் என்றுதான் எடுத்தேன்.

கம்பனியோடு இந்த வருசத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அதுவரை என் கையெழுத்து செல்லும். உங்களுக்கு வேறு வேலை தேட ஏதாவது கடிதம் வேண்டுமானால் எழுதித் தருகிறேன். நீங்கள் என்னிடம் வர வேண்டாம். கண்டியில் எனக்குத் தெரிந்த ஒரு நல்ல டாக்டர் அம்மா இருக்கிறார். அவரிடம் போங்கள். நான் தந்த காயத்தை நானே கட்டுவது சரியில்லை.

ஷிரானி


உக்குவளை,
2024 ஒக்டோபர் 20

ஷிரானி மிஸ்,

உம்மாவின் இத்தா முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை குளித்து, வெள்ளைச் சாரியைக் களைந்து வேறு உடுத்து, வாசல் வரைக்கும் வந்து நின்றார். எங்கே போக ஆசை என்று கேட்டேன். அந்த வீட்டைக் காட்டு என்றார். கூட்டிக்கொண்டு போனேன். இப்போது வேறு குடும்பம் வந்துவிட்டது. ஜன்னலுக்குத் திரைச்சீலை போட்டிருக்கிறார்கள். உம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நீ என்ன வேலை செய்கிறாய் மகள் என்று கேட்டார். நாலு வருசத்துக்குப் பிறகு சொன்னேன். அவர் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தார்.

கடிதம் வேண்டுமானால் தருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டும். வேறு வேலைக்கு இல்லை. நான் சுகம், வேலைக்குத் திரும்பலாம் என்று கம்பனிக்கு எழுதிக் கொடுங்கள்.

கடிதத்தைக் கீழே வைக்காமல் முழுவதும் வாசியுங்கள். அவன் எதற்கு அடித்தான்? பெண்சாதியை வர வைக்க. அவள் வந்தாளா? வந்திருந்தால் அவன் ஓடியிருக்க மாட்டான். அப்படியென்றால் இன்னும் அடிக்கிறான், இன்னும் எடுக்கிறான், இன்னும் அனுப்புகிறான். முதல் வீடியோ எப்படியோ வெளியே வந்த மாதிரி இன்னொன்றும் வரும். வந்தால் யாராவது முறைப்பாடு செய்வார்கள். தமிழ் என்பதால் கண்டிக்கு, எங்கள் வரிசைக்கு வரும். என் இடத்தில் இப்போது இருக்கிற பிள்ளை கொழும்பு. அவள் அடியைப் பார்ப்பாள், எடுத்துவிடுவாள், அடுத்ததற்குப் போவாள். விதிப்படி அதுதான் சரி. ஸஹ்னாவின் முதுகை அவளுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். இந்த முறை கத்த மாட்டேன். இலக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டு, எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, பின்னேரம் உங்களுக்குச் சொல்வேன். நீங்கள் அந்த அதிகாரியிடம் போவீர்கள்.

உலகத்தில் அவளைப் பார்க்கக்கூடிய இடம் எனக்கு ஒன்றுதான் மிச்சம். அதன் கதவு உங்கள் கையில் இருக்கிறது.

நிஷ்மியா


மாத்தளை,
2024 நவம்பர் 2

நிஷ்மியா மகள்,

முதலில் இல்லை என்று எழுதினேன். ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். நீங்கள் தூங்குவதில்லை என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. சாப்பிடுவதாகவும் தெரியவில்லை. அந்தக் கதிரையில் திரும்ப உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று சொல்வதற்கு நான் படித்திருக்கத் தேவையில்லை, யாரும் சொல்வார்கள். ஒரு பிள்ளையைத் தேட இன்னொரு பிள்ளையை அனுப்புவதா என்று எழுதினேன். அது நல்ல வாக்கியம் என்று எனக்கே தோன்றியது. அதனால்தான் கிழித்தேன். நல்ல வாக்கியங்களால்தான் நாம் இங்கே வந்து நிற்கிறோம்.

நீங்கள் எழுதியதில் ஒரு ஓட்டையாவது கிடைக்குமா என்று இரண்டு வாரமாகத் தேடினேன். கிடைக்கவில்லை. அந்த அதிகாரியிடமும் கேட்டேன். கோப்பு திறந்தபடி இருக்கிறது, புதிதாக ஏதாவது வந்தால் பார்க்கலாம் என்றார்.

உள்ளே கடிதம் இருக்கிறது. பூரண சுகம், வேலைக்குத் திரும்பலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்களைப் பற்றி நான் எழுதிய முதல் கடிதம் பிழை. இது பொய். வித்தியாசம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

கிழமைக்கு ஒரு முறை எனக்கு எழுத வேண்டும். என்ன பார்த்தீர்கள் என்று வேண்டாம். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், அது போதும். எழுதாவிட்டால் அடுத்த பஸ்ஸில் கண்டிக்கு வருவேன்.

ஷிரானி


கண்டி,
2024 டிசம்பர் 14

அன்புள்ள ஷிரானி மிஸ்,

பகல் சோறும் பருப்பும். இரவு பாணும் சம்பலும். பதினொரு மணிக்குப் படுத்தேன். நீங்கள் கேட்டது அவ்வளவுதான். மிச்சத்தை வாசிக்காமல் விடலாம்.

கந்தோரில் எல்லோரும் என்னோடு நன்றாக இருக்கிறார்கள். அன்ஸாப் தேத்தண்ணி வாங்கித் தருகிறார். மனசு ஆறுவதற்கென்று ஒரு அறை புதிதாகத் திறந்திருக்கிறார்கள். உள்ளே பெரிய மெத்தைப் பைகளும் ஒரு மீன் தொட்டியும். வேலை நன்றாகச் செய்கிறேன். முன்னைவிட வேகம் என்று போன கிழமை பாராட்டினார்கள். வேகமாகச் செய்தால் வரிசையில் அதிகம் பார்க்கலாம், அதனால்தான்.

ஸஹ்னா வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்று வந்தது. ஒரு சிறுபிள்ளை, ஒரு ஆள், ஒரு அறை. முதலில் முதுகுதான் தெரிந்தது.  இலக்கத்தை வாய்க்குள்ளே சொல்லத் தொடங்கிவிட்டேன். பிள்ளை திரும்பினாள். அவள் இல்லை. வேறு யாரோ ஒரு பிள்ளை. நான் ஏமாந்து போனேன், மிஸ். அங்கே ஒரு பிள்ளைக்கு அடி விழுகிறது, எனக்கு ஏமாற்றம், இவள் என்னுடைய பிள்ளை இல்லையே என்று. எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். மத்தியானம் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு மட்டும்தான். உங்களிடம் பொய் சொல்லக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

ஒவ்வொரு நாளும் காலையில் கதிரையில் உட்காரும்போது, இன்றைக்கு வந்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். வருவதென்றால் என்ன என்று பிறகுதான் ஞாபகம் வருகிறது. அவன் திரும்பவும் வயரை எடுக்க வேண்டும். அவள் திரும்பவும் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். அது நடந்தால்தான் எனக்கு அவள் கிடைப்பாள். வராவிட்டால் அவள் நன்றாக இருக்கலாம். வராவிட்டால் அவள் இல்லாமலும் போயிருக்கலாம். என் மேசையில் இருந்து பார்த்தால் ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது.

தங்கியிருக்கிற போர்டிங்கில் தொழுதுவிட்டுக் கையை ஏந்துகிறேன். வாப்பாவுக்குக் கேட்கிறேன், உம்மாவுக்குக் கேட்கிறேன், மாமாவுக்கும் இப்போது கேட்கிறேன். ஸஹ்னாவின் பெயரைச் சொன்னதும் நின்றுவிடுகிறது. அந்த வீடியோ வரட்டும் என்று கேட்பதா, வராமல் இருக்கட்டும் என்று கேட்பதா? ஏந்திய கையை அப்படியே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் எழும்பிவிடுகிறேன்.

நிஷ்மியா